டப்பாவுக்குள் புகும் ஈரம்

மலை இறக்கத்தில் பிரேக் கைவிடும் விதங்களில் ஒன்று, அனுபவப்பட்ட மெக்கானிக்கையே குழப்பிவிடும். நீண்ட இறக்கத்தின் நடுவே காரை ஓரங்கட்டி, டீ குடித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துக் கிளப்புகிறார் ஓட்டுநர். அடுத்த வளைவில் காலை வைத்ததும் பிரேக் பெடல் எந்த எதிர்ப்பும் காட்டாமல் தரைவரை இறங்கிவிடுகிறது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரைக் குறைத்து, எப்படியோ வண்டியை நிறுத்துகிறார். ஒரு மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்து மிதித்துப் பார்த்தால் பெடல் கெட்டியாக நிற்கிறது. எங்கும் கசிவு இல்லை. டப்பாவில் பிரேக் ஆயில் குறையவில்லை. பேடுகளும் தேயவில்லை. கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிடுவார்.

கோளாறு அங்கேதான் இருக்கிறது. பிரேக் ஆயிலில் கரைந்திருந்த தண்ணீர் சூட்டில் ஆவியானது; சூடு ஆறியதும் மறுபடியும் திரவத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. இதே கார் ஊருக்குள் மாதக்கணக்கில் ஒரு குறையும் காட்டாமல் ஓடியிருக்கும், இனியும் ஓடும். டயர் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, பேட் தேய்ந்தால் கிறீச்சிடுகிறது. பிரேக் ஆயில் கெட்டதை மட்டும் அன்றாட ஓட்டம் காட்டிக்கொடுப்பதில்லை. அது தெரியவரும் இடம் பெரும்பாலும் மலைப்பாதையாக இருக்கிறது. ஆகவே அதை ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்து மாற்றினால் போதாது. மாற்றிய தேதியைப் பார்த்தாக வேண்டும். மாதத்துக்கு ஓரிரு முறை மட்டும் வாசலை விட்டு நகரும் பழைய காருக்கு இது இன்னும் முக்கியம்.

பாதத்திலிருந்து சக்கரம் வரை

மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தின் ஓரிடத்தில் அழுத்தம் கொடுத்தால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும். 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் விளக்கிய இந்த விதிதான் காரின் பிரேக்கை இயக்குகிறது.

பவர் பிரேக் இல்லாத பழைய காரில் ஓட்டுநர் 20 கிலோ எடைக்குச் சமமாக மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது அந்த விசையை ஐந்து மடங்காக்கினால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கு 100 கிலோ போய்ச் சேரும். பிஸ்டனின் விட்டம் 19 மி.மீ. என்றால் பரப்பு மூன்று சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. எனவே குழாய்களில் இருக்கும் திரவத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோ அழுத்தம் உண்டாகிறது. முன்சக்கரக் காலிப்பரில் 48 மி.மீ. விட்டமுள்ள பிஸ்டன் இருந்தால், அதே அழுத்தம் அங்கே 630 கிலோ விசையாகப் பேடை டிஸ்க்கின் மேல் நெருக்குகிறது. பாதத்தின் 20 கிலோ ஒவ்வொரு சக்கரத்திலும் நூற்றுக்கணக்கான கிலோவாக மாறுவது இப்படித்தான்.

இந்தப் பெருக்கத்துக்கு ஒரு விலை உண்டு. விசை கூடும் அளவுக்கு நகரும் தூரம் குறைந்துவிடும். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் முழுதாக மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தாலும் அது தள்ளுவது எட்டரை மில்லி திரவத்தைத்தான். நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்துக் கையிருப்பு அவ்வளவே. திரவம் நசுங்காது என்ற நம்பிக்கையில்தான் இந்தச் சிறு கையிருப்பு போதுமானதாக இருக்கிறது. நசுங்கக்கூடிய வாயு அந்த வழியில் எங்காவது புகுந்துவிட்டால், பாதத்தின் முழு உழைப்பும் வாயுவை நசுக்குவதிலேயே முடிந்துவிடும்.

ஆமணக்கிலிருந்து கிளைக்காலுக்கு

கம்பியும் கேபிளும் இழுத்துப் பிரேக் பிடித்த காலத்தில் நான்கு சக்கரங்களும் ஒரே சீராகப் பிடிப்பது அபூர்வம். ஒரு கம்பி கொஞ்சம் தளர்ந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். திரவம் இந்தச் சிக்கலைத் தானாகவே தீர்த்தது, ஏனென்றால் எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே அழுத்தம்தான் போகிறது. அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் 1917-இல் ஹைட்ராலிக் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். தம்பி ஆலனோடு சேர்ந்து விமானம் கட்டியவர் அவர். பிரேக்கிலும் விமானத்திலும் ஒரே பெயர் இருப்பது அதனால்தான். 1921-இல் வெளிவந்த டியூசன்பெர்க் மாடல் ஏ கார் நான்கு சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. 1924-இல் கிரைஸ்லர் நிறுவனம் சிலிண்டர் கசிவைத் தடுக்கத் தோலுக்குப் பதிலாக ரப்பர் சீல்களைப் பயன்படுத்தி, இந்த முறையை நடுத்தர விலைக் காருக்கும் கொண்டுவந்தது. ஃபோர்டு 1939 மாடல்கள் வரை காத்திருந்தது.

தொடக்ககால பிரேக் திரவங்களில் ஆமணக்கெண்ணெய்யும் ஆல்கஹாலும் கலந்திருந்தன. இயற்கை ரப்பரைப் பெட்ரோலிய எண்ணெய் ஊதவைத்துக் கெடுத்துவிடும், ஆமணக்கெண்ணெய் கெடுக்காது. ஆனால் குளிரில் அது கெட்டியானது. அதற்காகச் சேர்த்த ஆல்கஹாலோ சீக்கிரம் கொதித்தது. வேகமும் எடையும் கூடக் கூட, அதிகக் கொதிநிலை கொண்ட திரவம் தேவைப்பட்டது. இன்று கடையில் பிரேக் ஆயில் என்று கேட்டால் கிடைப்பது கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள். அதில் எண்ணெய் எதுவும் இல்லை.

சென்னை வாசகருக்கு இந்த வரலாறு தொலைவில் இருப்பதல்ல. பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் கூட்டாக 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, பாடியில் பிரேக் பாகங்களைச் செய்தது. இந்தியச் சாலைகளில் ஓடிய பழைய கார்கள் பலவற்றின் பிரேக் பாகங்கள் அங்கிருந்து போனவை.

ஈரத்தை விரும்பி உறிஞ்சும் திரவம்

கிளைக்கால் ஈதர் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்களுக்கு இந்த இயல்பு தெரியும். திறந்து வைத்த டின், டப்பா மூடியில் இருக்கும் சிறு காற்றுத்துளை ஆகியவை ஈரம் நுழையும் வழிகள். பலருக்குத் தெரியாத வழி ரப்பர் ஹோஸ். உலோகக் குழாயிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அந்த ஹோஸின் சுவர் வழியாகவே நீர் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல உள்ளே ஊடுருவுகின்றன. திரவம் வெளியே கசியாது. ஈரம் மட்டும் உள்ளே போகும். கார் ஓடினாலும் நின்றாலும் இது நடந்துகொண்டே இருக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்த சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது விரைவாக நடக்கும்.

இப்படி ஈரத்தை உறிஞ்சும் பொருளைப் பிரேக்குக்குத் தேர்ந்தெடுத்தது கவனக்குறைவு அல்ல. எந்தத் திரவத்தை ஊற்றினாலும் ஈரம் ஏதோ ஒரு வழியில் உள்ளே வந்தே தீரும். வந்த ஈரத்தைத் திரவம் தனக்குள் கரைத்து எங்கும் பரப்பிக்கொண்டால், தீங்கு சிறிது சிறிதாகத்தான் வளரும். கரைக்காவிட்டால் தண்ணீர் தனித்துளியாகப் பிரிந்து, அமைப்பின் தாழ்ந்த இடமான சக்கர சிலிண்டரில் போய்த் தங்கும். அங்கே 100 டிகிரியைத் தாண்டியதும் கொதித்துவிடும், அதுவரை உலோகத்தைத் துருப்பிடிக்கவைக்கும்.

டாட் 5 எனப்படும் சிலிக்கோன் திரவத்தில் இந்த இரண்டாவது நிலைமைதான். அது ஈரத்தை உறிஞ்சாது, பெயின்ட்டையும் அரிக்காது. நீண்ட காலம் கிடங்கில் நிற்கும் வண்டிகளுக்காக அமெரிக்க ராணுவம் 1980-களில் அதற்கு மாறியது. ஆனால் உள்ளே வந்த தண்ணீர் அதில் கரையாமல் ஒதுங்கிவிடும். நுண்குமிழிகளையும் அது எளிதில் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் பெடல் மெத்தென்று இருக்கும். ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளுக்கு அது ஆகாது. ஊதா நிறம் அதன் அடையாளம். கிளைக்கால் திரவத்தோடு அதைக் கலக்கவே கூடாது.

ஆக, கிளைக்கால் திரவம் ஈரத்தை வாங்கிக்கொள்வது காருக்குச் செய்யும் ஒரு பாதுகாப்பு. அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை அமெரிக்கத் தரவிதி எண்களில் சொல்கிறது. டாட் 3 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 வகை 230 டிகிரி வரை, டாட் 5.1 வகை 260 டிகிரி வரை. இவை மூன்றும் கிளைக்கால் வகையைச் சேர்ந்தவை. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் இந்த எல்லைகள் முறையே 140, 155, 180 டிகிரியாக இறங்குகின்றன. அரை லிட்டர் பிரேக் ஆயிலில் 3.7 சதவீதம் என்பது நான்கு தேக்கரண்டிக்கும் குறைவான தண்ணீர். அவ்வளவு நீர் டாட் 3-இன் கொதிநிலையில் 65 டிகிரியைப் பறித்துவிடுகிறது.

மலை இறக்கத்தின் கணக்கு

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் 330 மீட்டர் அளவில். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுமாக 1,500 கிலோ எடையுள்ள பழைய அம்பாசடர் அந்த 1,900 மீட்டரை இறங்குகிறது என்றால், அது இழக்கும் ஆற்றல் ஏறத்தாழ 28 மெகாஜூல். 95 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும். இதில் ஒரு பங்கைக் குறைந்த கியரில் சுழலும் இன்ஜின் ஏற்றுக்கொள்கிறது, ஒரு பங்கைக் காற்றின் தடை. மீதி முழுவதும் பிரேக் டிரம்களிலும் டிஸ்க்குகளிலும் வெப்பமாகிறது. வண்டியை நியூட்ரலில் போட்டு இறக்கினால் இன்ஜினின் பங்கும் பிரேக்கின் தலையில் விழும்.

டிஸ்க்கின் பரப்பு பல நூறு டிகிரியை எட்டும்போது, அந்தச் சூடு பேடின் இரும்புத் தகடு, பிஸ்டன் வழியாகத் திரவத்துக்கு வருகிறது. வண்டி ஓடும்வரை காற்று அடித்து டிஸ்க்கைக் குளிர்விக்கும். நிறுத்தியதும் அந்தக் காற்று நின்றுவிடுகிறது, டிஸ்க்கில் தேங்கிய சூடு காலிப்பருக்குள் ஏறுகிறது. டீக்கடையில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில் டிஸ்க் ஆறத் தொடங்கியிருக்கும், திரவத்தின் சூடோ இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். புறப்பட்ட பிறகு பெடல் இறங்குவதற்கு இதுவே காரணம்.

ஒரு துளி தண்ணீர் 0.05 மில்லி இருக்கும். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது ஆவியானால் ஏறத்தாழ 1,700 மடங்கு விரிந்து 80 மில்லிக்கு மேல் இடம் கேட்கும். மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதியில் தள்ளக்கூடியது எட்டரை மில்லி. ஒரே துளி பத்து மிதிகளை விழுங்கிவிடக்கூடியது. பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதித்தால் சில நேரம் கொஞ்சம் பிடிப்பு திரும்ப வருவதும், ஆறிய பின் எல்லாம் சரியாகிவிடுவதும் இதனால்தான்.

இதோடு குழம்பக்கூடிய இன்னொரு கோளாறும் உண்டு. பேடும் லைனிங்கும் அளவு மீறிச் சூடானால் அவற்றின் உராய்வு குறையும். அப்போது பெடல் கெட்டியாகவே இருக்கும், ஓட்டுநர் முழு பலத்தோடு மிதிப்பார், வண்டி மட்டும் நிற்க மறுக்கும். கருகிய வாடையும் வரும். பெடல் மெத்தென்று இறங்கினால் கோளாறு திரவத்தில். பெடல் நின்று வண்டி நிற்காவிட்டால் கோளாறு உராய்வுப் பரப்பில். மெக்கானிக்கிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லத் தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

கல்லட்டி மலைப்பாதையில், ஊட்டியிலிருந்து மசினகுடி பக்கம் இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுகளில், வெளியூர் வாகனங்கள் இறங்குவதற்குக் காவல்துறை கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சரிவு அவ்வளவு கடுமை. வால்பாறையின் 40 வளைவுகளும் கொல்லிமலையின் 70 வளைவுகளும் இறங்கும் காரிடம் கேட்பது இதே சோதனையைத்தான்.

பழைய காருக்கு ஏன் கூடுதல் கவனம்

கொதிப்பது ஒரு நாள் ஆபத்து. துரு என்பது ஆண்டு முழுவதும் நடக்கும் சேதம். பிரேக் ஆயிலில் துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்களைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அவை வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகின்றன. தீர்ந்த பிறகு, கரைந்திருக்கும் ஈரம் வார்ப்பிரும்புச் சிலிண்டரின் உட்சுவரில் சிறு குழிகளை உண்டாக்கும். அந்தக் குழிகளின் மேல் ரப்பர் சீல் உரசும்போது அதன் விளிம்பு கிழிபடும், கசிவு தொடங்கும். டிரம் பிரேக்கில் கசிந்த திரவம் லைனிங்கை நனைத்துவிட்டால் அந்தச் சக்கரம் சரியாகப் பிடிக்காது, வண்டி எதிர்ப்பக்கம் இழுக்கும்.

புதிய கார்களில் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு தனித்தனி வழிகளாகப் பிரிந்திருக்கும். ஒன்று கசிந்தாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். மாரிஸ் மைனர் போன்ற 1950-களின் கார்களில் ஒரே வழிதான். ஒரு சக்கரத்தில் சீல் போனாலும் நான்கு சக்கரத்துக்கும் அழுத்தம் போய்விடும். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் வேறு ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கார்பெட்டைத் தூக்கி மூடியைத் திறந்தால்தான் திரவ மட்டத்தைப் பார்க்க முடியும். பானட்டைத் திறந்ததும் வெள்ளை டப்பாவில் கோட்டைப் பார்த்துப் பழகியவர்கள் இதை எளிதில் மறந்துவிடுவார்கள்.

ஹோஸும் வயதாகும். வெளியே வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றலாம். உட்சுவர் வீங்கி வழி குறுகிப்போவது வெளியே தெரியாது. மிதிக்கும்போது அழுத்தம் போய்விடும், காலை எடுத்த பிறகு திரும்பி வராது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு சக்கரம் சூடேறும். பல ஆண்டுகள் நின்றிருந்த காரை மறுபடி சாலைக்குக் கொண்டுவரும்போது ஹோஸ்களையும் சீல் கிட்டுகளையும் மாற்றிவிட்டுப் புதுத் திரவம் ஊற்றுவதே முறை.

வெள்ளத்தில் நின்ற கார்கள் தனி வகை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் பல கார்கள் பானட் வரை மூழ்கின. மூடியின் காற்றுத்துளை வழியே வெள்ளநீர் நேரடியாக உள்ளே போயிருக்கக்கூடும். அப்படிப்பட்ட காரில் திரவத்தைச் சோதித்துப் பார்ப்பதற்குக் காத்திராமல் மாற்றிவிட வேண்டும்.

சோதிப்பது எப்படி

முதலில் மட்டம். டப்பாவில் மேல்கோடு, கீழ்கோடு என இரண்டு இருக்கும். பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வருவதால் மட்டம் மெதுவாக இறங்குவது இயல்பு. அதைக் கண்டதும் மேலே ஊற்றி நிரப்பிவிட்டால், பேடு தேய்ந்த செய்தி மறைந்துபோகும். சில நாட்களிலேயே மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. சக்கரங்களின் உட்பக்கத்தில் ஈரம் தெரிகிறதா, பெடலுக்கு மேலே கார்பெட் நனைந்திருக்கிறதா என்று தேட வேண்டும். மூடியைத் திறக்கும் முன் அதைச் சுற்றியுள்ள தூசியைத் துணியால் துடைப்பது அவசியம். ஒரு மணல்துகள் போதும், சீலைக் கிழிக்க.

அடுத்தது நிறம். புதுத் திரவம் நிறமற்றோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். கரும்பழுப்பாக மாறியிருந்தால் ரப்பர் துகளும் துருவும் கலந்திருக்கின்றன, மாற்றியாக வேண்டும். ஆனால் தெளிவாக இருப்பதாலேயே நல்லது என்று முடிவு கட்ட முடியாது. கரைந்த தண்ணீருக்கு நிறம் இல்லை.

பேனா வடிவில், பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளோடு ஒரு சோதனைக் கருவி கடைகளில் கிடைக்கிறது. திரவத்தின் மின்கடத்தும் திறனை அளந்து ஈரத்தின் சதவீதத்தை அது மதிப்பிடுகிறது. சிவப்பு எரிந்தால் நம்பலாம். பச்சை எரிந்தால் மட்டும் நிம்மதி கொள்ள முடியாது. கருவி தொட்டுப் பார்ப்பது மேலே டப்பாவில் இருக்கும் திரவத்தை. ஹோஸ் வழியே வந்த ஈரம் சேர்ந்திருப்பதும் சூடு ஏறுவதும் கீழே சக்கரத்தருகே. அண்மையில் யாராவது மேலே கொஞ்சம் புதுத் திரவம் ஊற்றியிருந்தால் பச்சை விளக்கு இன்னும் தாராளமாக எரியும். திரவத்தைச் சிறிது சூடாக்கி அதன் கொதிநிலையையே அளக்கும் கருவி இதைவிட நம்பகமானது. சில பெரிய ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. தாமிரத்தின் அளவைக் காட்டும் சோதனைத் தாள்களும் உண்டு. எஃகு பிரேக் குழாய்களின் உட்பற்றவைப்பில் தாமிரம் இருக்கிறது; துருத்தடுப்பு தீர்ந்த பிறகு அது திரவத்தில் கரையும் என்பதால், தாமிரம் கூடினால் பாதுகாப்பு தீர்ந்தது என்று பொருள்.

இவற்றில் எதுவும் கைவசம் இல்லாதவர்களுக்கு நாள்காட்டி போதும். பெரும்பாலான கார் நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. வாங்கிய பழைய காரில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், அதுவே இப்போது மாற்றுவதற்குப் போதிய காரணம்.

மாற்றும் வேலை

தேவையானவை அதிகம் இல்லை. காரின் கையேடு சொல்லும் தரத்தில் சீல் உடைக்காத புது டின், ஒவ்வொரு சக்கரத்திலும் பழைய திரவத்தை வெளியே விடத் திறக்கும் நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், அதன்மேல் இறுக்கமாக ஏறும் தெளிவான பிளாஸ்டிக் குழாய், பாட்டில், ஜாக்கி, வண்டியைத் தாங்க ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு அண்டக்கொடுக்கக் கட்டை, பெடலை மிதிக்க இன்னொருவர். ஒரு முழு மாற்றத்துக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பிடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

திரவம் பெயின்ட்டைக் கரைத்துவிடும். பானட் ஓரத்தில் துணி விரித்துக்கொண்டு, சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். டப்பாவிலிருக்கும் பழையதை ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டு, புதியதை மேல்கோடு வரை நிரப்ப வேண்டும். கழிவை வாயால் உறிஞ்சி எடுப்பது உயிருக்கே ஆபத்து. கிளைக்கால் நஞ்சு.

வழக்கமான வரிசை, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகிலுள்ளதில் முடிப்பது. வலப்பக்க ஸ்டியரிங் உள்ள காரில் அது பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரும். குழாய்கள் குறுக்காகப் பிரிந்த கார்களுக்குக் கையேடு வேறு வரிசை சொல்லலாம். கையேடு சொல்வதே முடிவு.

குழாயின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிய திரவத்தில் மூழ்க வைக்க வேண்டும். உள்ளே இருப்பவர் மெதுவாக மிதித்து, “மிதிச்சாச்சு” என்று குரல் கொடுக்கிறார். வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் திருப்பு திறக்கிறார். பழைய திரவம் குழாயில் ஓடிவருகிறது, பெடல் இறங்குகிறது. பெடல் மேலே வருவதற்கு முன் நிப்பிளை மூடிவிட்டு, “விடு” என்கிறார். இந்த ஒழுங்கு தவறினால் காற்று உள்ளே போய்விடும். குழாயில் குமிழி நின்று, புதுத் திரவத்தின் தெளிவான நிறம் வரும்வரை இதைத் தொடர வேண்டும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பார்த்து நிரப்புவது கட்டாயம். டப்பா காலியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று புகுந்து, வேலை முழுவதையும் மறுபடி தொடங்க நேரும்.

பழைய காரில் பலர் செய்யும் தவறு, பெடலைத் தரைவரை மிதிப்பது. அன்றாட ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் சீல்கள் முன்பாதியில் மட்டுமே போய்வருகின்றன. கால் எட்டாத பின்பாதியில் ஆண்டுக்கணக்கில் துருவும் படிவும் சேர்ந்திருக்கும். தரைவரை மிதித்தால் சீல் அந்தச் சொரசொரப்பின் மேல் ஏறிக் கிழியும். காலை வரை நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் மாலையில் அழுத்தம் பிடிக்காமல் போவது இதனால்தான். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் இறக்கம் பாதியோடு நிற்கும்.

நிப்பிள் துருவேறி இறுகியிருந்தால் பலத்தைக் காட்டக் கூடாது. முந்தின நாளே துருநீக்கி எண்ணெய் தெளித்து ஊறவிட வேண்டும். அதைக் கவனமாக நிப்பிளின் வெளிப்புறத்தில் மட்டும் தெளிக்க வேண்டும். இன்ஜின் ஆயிலோ வேறு பெட்ரோலிய எண்ணெயோ திரவத்தில் ஒரு கரண்டி கலந்தாலும் சீல்கள் அனைத்தும் ஊதிவிடும். பிறகு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நான்கு சக்கரம் வரை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டியதுதான். உடைந்துபோன நிப்பிளோடு வண்டியை ஓட்டக் கூடாது. இந்த இடத்தில் தயக்கம் வந்தால் பிரேக் வேலை தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் விடுவதே சரி.

எல்லா நிப்பிளையும் இறுக்கியபின் இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். மெல்ல இறங்கினால் உள்ளே சீல் கசிகிறது. மெத்தென்று இருந்து, இரண்டு மூன்று முறை மிதித்ததும் கெட்டியானால் காற்று இன்னும் இருக்கிறது, மறுபடி எடுக்க வேண்டும். பழைய டிரம் பிரேக்குகளில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டாலும் பெடல் நிறைய இறங்கும். அட்ஜஸ்டரைத் திருகிய பிறகும் பெடல் மெத்தென்று இருந்தால் மட்டுமே காற்றைத் தேட வேண்டும். முதல் ஓட்டம் ஆளில்லாத சாலையில், நடை வேகத்தில், ஹேண்ட் பிரேக் மேல் கை வைத்தபடி இருக்கட்டும்.

மிச்சமான திரவத்தை அடுத்த முறைக்கென்று எடுத்துவைப்பதில் பயனில்லை. திறந்த டின்னுக்குள் புகுந்த காற்றின் ஈரத்தை அது அப்போதே உறிஞ்சத் தொடங்கியிருக்கும். பழைய திரவத்தையும் மிச்சத்தையும் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாமல், குழந்தைகளின் கைக்கு எட்டாத மூடிய பாட்டிலில் வைத்து, கழிவு ஆயில் வாங்கும் ஒர்க்‌ஷாப்பில் தனியாகக் கொடுக்கலாம். இன்ஜின் ஆயிலோடு கலந்தால் இரண்டையுமே மறுசுழற்சி செய்வது கடினம். கடைசியாக, மாற்றிய மாதம், ஆண்டு, ஊற்றிய தரம் ஆகிய மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி டப்பாவின் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். பழைய கார்கள் கைமாறிக்கொண்டே இருப்பவை. அடுத்து வாங்குபவர் மலைக்குக் கிளம்பும் முன் தேடப்போகும் தகவல் அதுதான்.